வலைக்கு வேலையில்லை

கோல்கீப்பர் ஜெரோமின் வலது கை கிளவுஸுக்கும் கோல் வலைக்கும் ஆகவே ஆகாது.

காலைப் பயிற்சியில் கோச் விடாமல் பந்தை உதைப்பார். ஜெரோம் பாய்ந்து பாய்ந்து சேற்றில் விழுவான். கிளவுஸுக்குத் தப்பிய பந்தெல்லாம் வலைக்குள் போய்ச் சேரும்.

"பாத்தியா? நீ விட்டதையெல்லாம் நான்தான் பிடிக்கிறேன்," என்று வலை பீற்றிக்கொள்ளும். "பேசாம என்னைக் கையில மாட்டிக்கிட்டு ஆடச் சொல்லு உங்க ஆளை!"

கிளவுஸ் வாயே திறக்காது. ஜெரோம் அதன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பாய்வான்.

அதே மைதானத்தில் இறுதிப் போட்டி வந்தது. ஜெரோமின் அணி 1-0 என முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. வலை ஆசையாய்க் காத்திருந்தது. பந்து மூலையைப் பார்த்துப் பறந்தது, ஜெரோமும் பறந்தான். கிளவுஸின் நடுவிரல் தையல் விட்டுப் பிளந்தது, ஆனால் அந்த விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது. மைதானமே எழுந்து கத்தியது.

"பெரிய மேட்சுன்னாங்க. கடைசி வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சே!" என்று வலை முனகியது.

கிளவுஸ் கிழிந்த விரலை நிமிர்த்திக்கொண்டு முதன்முறையாக வாயைத் திறந்தது.

"இல்லாமப் பண்ணினது யாருன்னு நினைச்சே?"