ஐம்பத்திரண்டு டிகிரி

காலை ஏழேகால். நாலாவது முறையாக, கொல்லிமலை அரியூர் நாட்டில் பெருமாயியின் குச்சிக்கிழங்குக் காட்டில் வந்து நின்றாள் மோனிஷா.

"மறுக்காவும் எலையா கண்ணு? எங்க காட்டு எலை மேல உங்க டீச்சருக்கு அப்படி என்ன கோவம்?"

"இலை மேல இல்லீங்கக்கா. என் மேல."

சேலத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி அவள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் இலையில் இருக்கும் ஒரு நொதி எத்தனை டிகிரி சூட்டில் செயலிழந்துபோகிறது என்று பார்ப்பது வேலை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கிருஷ்ணகுமாரி பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அதைப் பார்த்து, அறுபத்தைந்து என்று கட்டுரை எழுதிப் பெயரும் வாங்கியவர். மோனிஷாவுக்கு மூன்று முறையும் ஐம்பத்திரண்டுதான் வந்தது.

டிசம்பருக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு வீண். கிருஷ்ணகுமாரி கையெழுத்துப் போடாமல் கொடுக்கவும் முடியாது.

மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஏறிப் போன் போட்டாள்.

"மேடம், மூணு தடவையும் ஒரே நம்பர். நாலாவதும் பண்ணணுமா?"

"இலையை உடனே ஐஸ்ல வெச்சியா?"

"வெச்சேன் மேடம்."

"தெர்மாமீட்டர்?"

"புதுசு மேடம்."

"இன்னொரு தடவை பாரு. சாயங்காலம் சொல்லு."

வைத்துவிட்டார்.

"அவங்க நம்பர் வர்ற வரைக்கும் என்னை மலையேத்திக்கிட்டே இருப்பாங்கக்கா" என்று இறங்கி வந்தாள் மோனிஷா. "எழுபது வளைவுக்கும் வாந்தி எடுக்கிறது நான்தானே."

பெருமாயி சிரித்தாள். "அந்தம்மா கேக்கறதையே சொல்லிட்டுப் போயேன் சாமி. வெளைச்சல் கணக்கெடுக்க வர்றவரு 'பத்து மூட்டை இருக்குமா'ம்பாரு. நாங்களும் 'இருக்குமுங்க'ன்னு சொல்லிருவோம். அவரும் சந்தோசமா பஸ் ஏறிருவாரு."

அதே மலையில் உள்ள செம்மேட்டில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இலையை அரைத்துச் சூடேற்றினாள் மோனிஷா.

ஐம்பத்திரண்டு.

சாயங்காலம் போனில், "அறுபத்தஞ்சு மேடம்" என்றாள்.

மறுமுனையில் ஏதோ தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் மேடம்."

"சரி. எழுதி முடிச்சுக் கொண்டு வா."

ஐஸைப் பற்றிக் கேட்கவில்லை. தெர்மாமீட்டரைப் பற்றியும் கேட்கவில்லை. தன் நம்பர் வந்ததும் ஐஸும் நல்ல ஐஸ் ஆகிவிட்டதாக்கும். இவரெல்லாம் பேராசிரியர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறினாள்.

பத்து நாளில் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் மூன்று முறை ஐம்பத்திரண்டு வந்தது பிழை, நாலாவதில்தான் சரியாக அறுபத்தைந்து வந்தது என்று எழுதியிருந்தாள். கிருஷ்ணகுமாரி புரட்டிப் பார்த்தார். மேசையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

"நான் ஒரு வாரம் லீவு. வந்து பாக்கறேன்."

கேட்ட நம்பரைக் கொடுத்த பிறகும் இழுத்தடிக்கிறாரே என்று மோனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதிக்குப் போய்த் தோழிகளிடம் அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

2024 டிசம்பர் 12 அன்று கிருஷ்ணகுமாரி, தன் பழைய கட்டுரை தவறு என்று ஆய்விதழுக்கு எழுதிக் கொடுத்தார். மோனிஷா மூன்று முறை செய்த சோதனையில்தான் தன் பிழை தெரிந்தது என்றும், நாலாவது முறை லீவில் தானே கொல்லிமலைக்குப் போய்ச் செய்து ஐம்பத்திரண்டையே உறுதிப்படுத்திக்கொண்டதாகவும் சொல்லியிருந்தார். மோனிஷாவின் ஆய்வேட்டில் அறுபத்தைந்து இருந்த பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, அன்றே கையெழுத்துப் போட்டார்.