சிவந்த முகம்

"மூஞ்சி செவந்து கீது. நடை தள்ளாடுது. இன்னும் குடிக்கலன்னு பைபிள் மேல சத்தியம் பண்றியா?"

அப்படிக் கேட்டுவிட்டுக் குன்றத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன மனைவி பேபி திரும்பி வரவேயில்லை. பம்மல் வீட்டில் சாலமன் இன்னும் இரண்டு பேருக்கே சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார். "கல்லீரல், மண்ணீரல் ரெண்டும் வீங்கியிருக்கு."

"சத்தியமா நான் குடிக்கிறதில்ல சார்!"

"தெரியும். இது குடியால வந்ததில்ல. எலும்பு மஜ்ஜை சிவப்பணுவை அளவுக்கு மீறி உண்டாக்குது. அதனாலதான் முகம் சிவக்குது, தலை சுத்துது. அபூர்வமான ரத்தப் புற்றுநோய். வருஷக்கணக்கா வைத்தியம் பார்க்கணும்."

டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் சாலமனின் காதில் விழுந்தது. வெளியே ஓடிவந்து போன் போட்டான்.

"பேபி, நான் குடிக்கலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வூட்டுக்கு வந்துடு."

மறுமுனையில் விசும்பல் கேட்டது. "மெய்யாலுமா? உன்னை இன்னான்னா பேசிட்டேன்... இதோ, கிளம்பிக்கினே கீறேன்யா. ஆமா, அப்போ மூஞ்சி ஏன் செவந்துச்சு?"

டாக்டர் சொன்ன மறுபாதி அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அது... நீ வா, சொல்றேன்."

குடிக்காத சாலமனின் நாக்கு முதல்முறையாகக் குழறியது.