இரட்டைச் சுழி

1978 ஆவணியில், ஆரணியில் ஒரே நெசவாளர் தெருவில் ஐந்து வாலிபர்களுக்கு ஒரே வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதிகம் போனது மாணிக்கவேலுக்கு; தலை மொட்டையே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். "தலை இப்படியே இருந்தா பொண்ணு கெடையாது" என்று சேத்துப்பட்டிலிருந்து பெண்வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

பட்டுக்குச் சாயம் போடும் தனகோடியின் தொட்டித் தண்ணீர் தெருக் கிணற்றில் கசிவதுதான் காரணம் என்று ஐவரும் முடிவுகட்டினார்கள். பட்டப்பகலில் தடியோடு போனார்கள்.

"இருவது வருசமா எனக்கே முடி இல்லியேப்பா. நான் யாரைப் போயி ஒதைக்கறது?" என்றார் தனகோடி, பட்டை அலசிக்கொண்டே.

மாணிக்கவேல் அவர் தலையில் ஒன்று போட்டான். முண்டாசு அவிழ்ந்து விழுந்தது. உள்ளே கன்னங்கரேலென்று அடர்ந்த முடி. உச்சியில், மாணிக்கவேலுக்கு இருந்த அதே இரட்டைச் சுழி. அடி வலித்ததும் மாணிக்கவேலுக்குத்தான். அவன் நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"அடிக்காதீங்கடா. அது என் தலைடா" என்று அலறினான் மாணிக்கவேல்.

கூட்டாளிகள் காதில் வாங்காமல் தனகோடியின் தலையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் கல்யாண வயசு. ஆறாவது அடியில் மாணிக்கவேலின் மண்டை பிளந்தது.

ஒரு கீறலும் இல்லாத தனகோடி, மடியிலிருந்து சீப்பை எடுத்துக் கலைந்த முடியை வாரி வகிடெடுத்தார். கீழே கிடந்த மாணிக்கவேலின் மொட்டைத் தலையில், ரத்தத்தின் நடுவே, நேராக ஒரு வகிடு விழுந்தது.