எல்டர் பூப் பானம்

நாற்பத்தெட்டு மணிநேரம் முடிந்துவிட்டது. எங்கள் மல்வேர்ன் வீட்டின் சமையலறையில், எல்டர் மரத்தின் வெள்ளைப் பூவும் புளிப்புத் தேசிக்காயும் ஊறிய தேன்நீரை வெள்ளைத் துணியில் வடிக்கிறேன். மாலை வெயில் பட்டுப் பொன்னாக ஒழுகுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகல் இன்று. இன்னும் ஒரு மணிநேரத்தில் பூங்காவில் எங்கள் வட்டம் கூடும். முதன்முறையாக என் பானத்தைக் குடிப்பார்கள். சூரியன் போகும் திசையில் மூன்று முறை கலக்குகிறேன்.

"தடிமன் சளிக்கோ பிள்ளை? ரெண்டு நாளா லாப்பில மருந்து செய்யிற ஆள் மாதிரிக் காவல் இருக்கிறாய். எனக்கும் ஒரு வாய் தாவன்." அம்மா கிளாஸை நீட்டுகிறார்.

எதற்கான பானமென்று சொல்லாமல் எவருக்கும் ஊற்றக்கூடாது என்பது வட்டத்தின் விதி. வட்டத்தை யோகா வகுப்பு என்றே இரண்டு வருடமாக அம்மாவிடம் சொல்லிவந்திருக்கிறேன். அம்மா நீட்டிய கை அப்படியே இருக்கிறது.

"மருந்தில்லையம்மா, சூரியனுக்குப் படைக்கிறது. சூரியனையும் மண்ணையும் கும்பிடுற சூனியக்காரி நான், ஒரு விட்ச், அம்மா."