அம்மா அடிக்கும் மணி

மார்ச் 9, திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு, மாடி வீட்டில், இறந்துபோன அம்மாவின் அழைப்பு மணி அடித்தது.

மகனான பேருந்து ஓட்டுநர் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஓடினார். படுத்த படுக்கையாக இருந்த அம்மா மகனைக் கூப்பிட, வயரில்லாத அந்த மணியை மாட்டிக் கொடுத்தது அந்த நண்பர்தான்.

"மச்சான், அம்மா போய்ப் பத்து நாளாச்சு. மணி அடிக்குதுடா!"

"பத்து நாளா நீயும் படுத்தே கிடக்கே. டிப்போல வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. அம்மா எழுப்பாம வேற யாரு எழுப்புவா? கிளம்பு."

மணி தினமும் அடித்தது. ஓட்டுநர் வேலைக்குப் போனார்.

மூன்றாம் வாரம் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்து, கால் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். ஐந்தாம் நாள் விடிந்ததும் ஓட்டுநர் சீருடையில் வந்து நின்றார்.

"வேலைக்குப் போறியா? எனக்கு உன் கவலைதான்டா."

"காலை உடைச்சுக்கிட்டு என் கவலையா? அம்மா எங்க தூங்க விடுறாங்க! இன்னைக்கு அஞ்சு மணிக்கே அடிச்சாங்க. உன்னைப் பாத்துட்டுப் போகச் சொல்றாங்கன்னு வந்தேன்."

எலக்ட்ரீஷியன் கட்டிலருகே இருந்த இழுப்பறையைத் திறந்து, விழுந்த அன்று போட்டிருந்த சட்டையின் பையைத் தடவினார். அம்மாவின் கட்டிலிலிருந்து கழற்றி வந்து, தினமும் கீழ்வீட்டிலிருந்து அவர் அழுத்திவந்த ஸ்விட்ச், ஐந்து நாளாக யாரும் தொடாமல் அதில்தான் இருந்தது.

ஓட்டுநர் ஆறே முக்கால் வண்டியை எடுக்கக் கிளம்பினார்.