மிளகாய் வராத நாள்

“இது பீன்ஸா, இல்ல துணி காயப்போடற கயிறா?”

கேட்டவள் ஒரு பீன்ஸை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஒடித்துக் காட்டினாள். அது என்னவோ படக்கென்றுதான் ஒடிந்தது. அதற்காக அவள் விட்டுவிடுவாளா என்ன? தண்ணீர் தெளித்துத் தெளித்து ஊரை ஏமாற்றுகிறான் என்று சுற்றி நின்றவர்களிடம் நியாயம் கேட்டாள்.

“உங்களைக் கட்டிக்கிட்ட மனுஷன் எப்படித்தான் குப்பை கொட்டறானோ,” என்று தலையில் அடித்துக்கொண்டான் தள்ளுவண்டிக்காரன்.

“அதை அந்த ஆளுகிட்டயே கேட்டுக்க. இப்ப விலையைச் சொல்லு.”

கூட்டம் சிரித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். அவன் விலையைக் கொஞ்சம் இறக்க, அவள் இன்னும் கொஞ்சம் இறக்க, கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிட்டு அவள் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டான். உடனே ஆளாளுக்குப் பையை நீட்டினார்கள்.

அச்சகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவியும் நீட்டினாள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, அடுத்தவள் பேசிய பேரத்தில் காய் வாங்குவதுதான் அவள் வழக்கம். வீட்டில் அவளுக்கு ‘வாயில்லாப் பூச்சி’ என்று பெயர். கடைக்காரன் சில்லறை பாக்கி வைத்தால்கூடக் கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சண்டை போடுகிறவளுக்கு அவள் தன் பங்குக்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்திருந்தாள். மனசுக்குள் ஒரு கோயிலே கட்டியிருந்தாள்.

பின்னே? அச்சகத்தில் ஆர்டர் இல்லை என்று கணவனின் சம்பளத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். வாடகையும் பாலும் போக, காய்க்கென்று மிஞ்சுவது சொற்பம்தான். பெரியவளுக்கு நான்கு வயது. சின்னவன் இப்போதுதான் மசித்த சோறு சாப்பிடப் பழகுகிறான். பாக்கெட்டில் வரும் நூடுல்ஸை வாங்கிப் போடு, வயிறு ரொம்பிடும் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாளே தவிரச் செய்யவில்லை. தான் எதைத் தின்றாலும் சரி, பிள்ளைகள் தட்டில் பச்சைப்பசேலென்று ஏதாவது விழுந்தாக வேண்டும் என்பதில் பூச்சி பிடிவாதக்காரி. மிளகாயின் புண்ணியத்தில் அது இதுவரை நடந்துகொண்டும் இருந்தது.

அன்று மிளகாய் வரவில்லை.

வண்டி நிறையச் சரக்கு இருந்தது. கேரட், பீட்ரூட், கட்டுக் கட்டாகக் கீரை. இரண்டு மூன்று பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். தள்ளுவண்டிக்காரன் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை இல்லாமல் அவனுக்குமே பொழுது போகவில்லை போலிருக்கிறது.

பூச்சி தயங்கித் தயங்கிப் போய் விலை கேட்டாள். சொன்னான். அந்த விலைக்குக் கையிலிருந்ததைக் கொடுத்தால் ஒரு தட்டுக்குத்தான் காணும். பெரியவளுக்கா, சின்னவனுக்கா? யாருக்குப் போட்டு யாருக்கு இல்லை என்பது?

“இந்த விலையை வாய் கூசாம சொல்றியே, நல்லா இருக்கா?”

குரல் கேட்டு அவளே திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. பேசியது அவள்தான். இனிமேல் பின்வாங்குவதற்கும் வழி இல்லை.

“கீரையைப் பாரு, தலை தொங்கிப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா ஆடுகூடச் சீண்டாது. அப்ப யார் தலையில கட்டுவ?”

தள்ளுவண்டிக்காரன் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. ஓசியில் கொடுக்கவா வெயிலில் வண்டி தள்ளுகிறேன் என்று அவனும் குரலை உயர்த்தினான்.

“ஓசியில கேக்கல. நியாயத்தைக் கேக்கறேன். எங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க. வாடினதைத் தின்னுதான் வளரணும்னு அதுங்க தலையில எழுதியா வச்சிருக்கு?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் நகர்ந்து வந்தார்கள். ஒரு டீச்சரம்மா, நல்லாக் கேளும்மா என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக விழுங்கி வைத்த பேச்சையெல்லாம் பூச்சி அன்றைக்கு அந்த வண்டியின்மீது கொட்டினாள். விலை இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, மிளகாய் வாங்கும் விலைக்கும் கீழே போய் நின்றது. கூட்டம் மொய்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் வண்டியில் வெறும் சாக்குதான் மிச்சம்.

பை கனக்க, நடை பறக்க, அவள் வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு தட்டுக்கும் இருக்கிறது. நாளைக்கும் இருக்கிறது. கணவனிடம் சொன்னால் நம்பவே மாட்டார் என்று நினைத்தபோது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, நில்லுங்க.”

திரும்பினால் தள்ளுவண்டிக்காரன் ஓடி வருகிறான். நஷ்டக் கணக்கு இப்போதுதான் உறைத்ததோ? கொடுத்த விலை கொடுத்ததுதான் என்று அவள் இரண்டாவது சண்டைக்கு இடுப்பில் கை வைத்தாள்.

வந்தவன் பீட்ரூட்டும் தக்காளியும் கீரையுமாக ஒரு பையை அவள் கையில் திணித்தான். கையில் காசு இல்லை என்றாள்.

“காசா? இது உங்க கூலி, அக்கா. சத்தம் கேட்டாத்தான் கூட்டம் கூடும், சரக்கும் வாடறதுக்குள்ள தீரும்,” என்று மூச்சு வாங்கினான் அவன். “தினமும் என்கூடச் சண்டை போடுவாளே, அவ என் வீட்டுக்காரி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. அவளுக்குக் குரல் வர்றவரைக்கும் நீங்கதான் வந்து என்னைத் திட்டணும்.”