நத்தை வேகம்

ஏசி அறையிலும் டைக்காரருக்குக் கழுத்து டை நனைய வியர்த்துக் கொட்டியது. மேசைக்கு அடியில் அவருடைய கட்டைவிரல்கள் செல்போன் மேல் பறந்துகொண்டிருந்தன. 'ஹெட் ஆபீஸ்ல யார் காலையோ பிடிச்சுக் கெஞ்சறார்' என்று புரோகிராமருக்கு உள்ளூரக் குஷி.

ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரத்தைச் சேர்த்து வைக்க, காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸா, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸா என்று இன்று முடிவாக வேண்டும். டைக்காரர் முதலாவதை விற்க வந்தவர். புரோகிராமர் இரண்டாவதற்காக ஆறு மாதமாகத் தொண்டை வறளக் கத்தியவள்.

"ஓசில வந்தது ஒருநாள் மக்கர் பண்ணா யாரைம்மா கூப்பிடறது?" பெரிய டாக்டருக்கு இருந்தது இந்த ஒரே கவலைதான். அதனால் அவரே ஒரு போட்டி வைத்துவிட்டார்.

இரண்டு டேட்டாபேஸிலும் ஒரே நோயாளிகள் விவரம். ஒரு வார்டின் ஒரு மாதப் பட்டியலைக் கேட்டால் இரண்டுமே நாற்பது நொடி முக்கி முனகின. அதைச் சரிசெய்ய யாருக்கு முதலில் உதவி வருகிறதோ அவருக்கே ஜெயம்.

"தோத்தா நீ பழையபடி டோக்கன் கவுன்ட்டர்தான்" என்று டாக்டர் புரோகிராமரிடம் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

டைக்காரர் தன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு மேசை போனில் அடித்து, ஸ்பீக்கரையும் போட்டிருந்தார். பத்து நிமிடமாக அது பியானோ வாசித்துக்கொண்டிருந்தது. புரோகிராமர் தன் கேள்வியை ஓப்பன் சோர்ஸ்காரர்களின் இணையக் குழுவில், எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையிலேயே போட்டிருந்தாள்.

டிங்!

'நத்தை' என்ற பெயரில் பதில். "சட்டுனு தேடி எடுக்க, வார்டுக்கும் தேதிக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் போடுங்க, புத்தகத்துப் பொருளடக்கம் மாதிரி. தேதி ரெண்டாவதா வரணும்."

போட்டாள். கண் சிமிட்டுவதற்குள் பட்டியல் வந்து விழுந்தது. அவளுக்கு நாற்காலியோடு நாலு சுற்றுச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. டைக்காரர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். பாவம், தோற்ற மனுஷன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றது மேசை போன்.

"சரி, ஓசியே இருக்கட்டும்" என்று டாக்டர் குதித்தே எழுந்துவிட்டார். "யாரும்மா இந்த நத்தை?"

"யாருக்கும் தெரியாது சார். ஒரு கேள்வியைப் பார்த்துட்டா அவரால சும்மா இருக்க முடியாது. சம்பளம்கூடக் கிடையாது."

"ஆள் கிடைச்சா இப்பவே வேலை போட்டுத் தரேன்."

டைக்காரர் எழுந்தார். டையைக் கழற்றி, மடித்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கே வந்துடறேன் சார்."